அலமேலுவின் பென்சில் எண்கள்

போன வாரம் கள்ளக்குறிச்சியில் உங்களோடு பேசிக்கொண்டிருந்தபோது, முதலாண்டு ஆய்வாளர் ஒருவர் எழுந்து கேட்டார்: "மேடம், பத்து இடத்துல டேட்டா எடுக்கிறோம். ஒன்பது ஒரு மாதிரி வருது, ஒண்ணு மட்டும் ஒட்டவே மாட்டேங்குது. அத விட்டுடலாமா?" அதற்குள் டீ வந்துவிட்டது. சமோசாவைப் பார்த்ததும் நானும் கேள்வியை மறந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அங்கேயே பதில் சொல்லியிருந்தால் "கூடாது" என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். நான் அப்படி ஒன்றை விட்டதையும், அதனால் என்ன ஆயிற்று என்பதையும் சொல்லியிருக்க மாட்டேன். மேடையில் நின்றால் யாருக்கும் சொந்த முட்டாள்தனம் வாயில் வராது. இங்கே எழுதிவிடுகிறேன்.

அப்போது கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகவில்லை. செல்போனும் வரவில்லை. எனக்கு இருபத்தாறு வயது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எங்கள் அத்தாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், பாத்திரக்கடை. கல்வராயன் மலையிலிருந்து கோமுகி அணைக்கு இறங்கும் ஓடைகளில் எது அதிகமாக மண்ணை அடித்துக்கொண்டு வருகிறது, ஏன் என்பதுதான் என் ஆய்வு. கச்சிராயபாளையம் பக்கம் கரும்பு போடுகிறவர்களுக்கு இது வெறும் படிப்பு விஷயமில்லை. அணையில் மண் மேடிட்டால் அவர்கள் வாய்க்காலில் தண்ணீர் கம்மி. எனக்கோ அப்போது அது முதன்மையாகப் பட்டம் வாங்கும் விஷயம். பொய் சொல்வானேன்.

மலையில் மூன்று ஊர்களைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு மழைமானி வைத்தேன். இரண்டு புதியவை. மூன்றாவதற்குப் பணமில்லை என்று கல்லூரி ஸ்டோரில் பழையது ஒன்றைத் தேடிப் பிடித்தேன். ஸ்டோர்காரர் தூசி தட்டிக் கொடுத்தார். வாய் கொஞ்சம் அகலம். அதற்கான அளவுக் குடுவையைக் காணோம் என்றார். புதியவற்றோடு ஒரு குடுவை உபரியாக வந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டேன். அதைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

தினமும் காலை எட்டரைக்கு மானியில் சேர்ந்த மழையை அளந்து நோட்டில் எழுத வேண்டும். ஒரு ஊரில் தபால் ஆபீஸ்காரர், இன்னொன்றில் ரேஷன் கடைக்காரர் ஒப்புக்கொண்டார்கள். மூன்றாவது ஊர் வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருந்தது. அங்கே ஒன்பதாவது வரை படித்த அலமேலு கிடைத்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். கல்யாணமாகி மாமியார் வீட்டில் இருந்தாள். வீட்டு முன்னால் மரமில்லாத நல்ல வெட்டவெளி. மானியைப் பதித்துக் கொடுத்தபோது இருபது கேள்வி கேட்டாள். "பனி பேஞ்சா எழுதணுமா? ஆடு முட்டிச் சாச்சிட்டா இன்னா செய்யறது? நான் ஊருக்குப் போய்க்கினு இருந்தா யாரு எழுதுறது?" தபால் ஆபீஸ்காரர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவரைத்தான் நான் கெட்டிக்காரர் என்று நினைத்தேன்.

ஆவணியில் நோட்டுகளைச் சேகரிக்கப் போனேன். தபால் ஆபீஸ்காரர் எழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. ரேஷன் கடைக்காரரும் பரவாயில்லை. அலமேலுவின் நோட்டைப் பிரித்தால் எண்கள் எக்கச்சக்கம். பக்கத்து ஊரில் இருபது என்றால் இங்கே முப்பத்திரண்டு. அதுகூடப் போகட்டும். பேனாவில் எழுதிய ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் பென்சிலில் சின்னதாக இன்னொரு எண் இருந்தது.

அவள் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். சுற்றிப் பத்துப் பேர். மறுநாள் கருத்தரங்குக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்பக் கடைசி நாள். கீழே இறங்கும் பஸ் ஏற்கெனவே ஆரன் அடித்துக்கொண்டிருந்தது. அதை விட்டால் அன்றைக்கு வேறு பஸ் இல்லை.

"இது இன்னா அலமேலு, ஒரே மழைக்கு ரெண்டு கணக்கு?" என்றேன்.

"அதாங்க டீச்சர், நான் சொல்லணும்னுதான் இருந்தேன். அந்தப் பென்சிலு வந்து, நம்ம வூட்டு டப்பாவுல…"

"டப்பாவா? உன்ன யாரு டப்பாவுல அளக்கச் சொன்னது? வாய்க்கு வந்தத எழுதி வச்சிட்டு, மாட்டிக்கினா காட்ட இன்னொண்ணா?"

"இல்லீங்க டீச்சர், ஒரு நிமிசம்…"

பஸ் மறுபடி ஆரன் அடித்தது. நான் ஒரு நிமிடம் கொடுக்கவில்லை. நேரே போய் மானியைப் பிடுங்கினேன். சேறும் சகதியுமாக அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். "இன்னாமா இது, இட்லிப் பானையா?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். நானோ நியாயத்தைக் காப்பாற்றிவிட்டு இறங்குகிற பெருமிதத்தில் இருந்தேன்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நான் தூக்கம் கெட்டோ பசியிலோ தப்புச் செய்யவில்லை. நல்ல தெளிவோடுதான் செய்தேன். அவசரம் வந்தால் மனுஷனுக்குத் தெளிவு கூடிவிடும். சந்தேகப்பட நேரமில்லை அல்லவா, எல்லாம் பளிச்சென்று தெரியும். உங்களுக்கும் ஒரு நாள் அப்படிப் பளிச்சென்று தெரியும். அன்றைக்கு எண்ணைப் பற்றி வேண்டுமானால் முடிவெடுங்கள், அதை எழுதிய ஆளைப் பற்றி எடுக்காதீர்கள்.

மூன்றாவது ஊருக்கு மற்ற இரண்டு ஊர்களின் சராசரியைப் போட்டுக் கட்டுரையை முடித்தேன். என் ஆய்வை வழிநடத்திய பேராசிரியர், சார் என்றே சொல்கிறேன், படித்துவிட்டு, "மூணாவது ஊர் என்னாச்சு?" என்று கேட்டார். "ரீடர் சரியில்ல சார்" என்றேன். மானியைப் பார்த்து எழுதுகிறவரைத்தான் அப்படிச் சொல்வோம். மூன்றே வார்த்தை. கட்டுரையில் அது இன்னும் நாகரிகமாக வந்தது: "நம்பத்தகாத பதிவுகள் விலக்கப்பட்டன." மழை ஜாஸ்தியானால் மண் ஜாஸ்தியாகப் போகிறது என்பது என் முடிவு. அதைச் சொல்ல ஆய்வே வேண்டாம். ஆனாலும் கருத்தரங்கில் தேர்வாகிவிட்டது, தொகுப்பு நூலிலும் வரும் என்று கடிதம் வந்தது. அத்தா கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பாதுஷா கொடுத்தார். "எம்பொண்ணு மழையப் பத்தி எழுதியிருக்கா" என்று, குக்கர் வாஷர் வாங்க வந்தவரிடம்கூடச் சொன்னார்.

ஐப்பசியில், கருத்தரங்குக்கு எட்டு நாள் இருந்தபோது, எம்.எஸ்ஸி. மாணவிகளுக்குச் செய்முறை வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். மொட்டைமாடியில், அதற்குள் கல்லூரிக்கு வந்திருந்த புதிய மானி ஒன்றையும், நான் பிடுங்கி வந்த பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரவு நல்ல மழை. காலையில் மாணவிகள் ஒரே குடுவையால் இரண்டையும் அளந்தார்கள். ஒன்று பதினெட்டு. மற்றது முப்பத்தாறு.

ஒரு பெண் சிரித்தாள். "மேடம், ஒரே மாடியில ரெண்டு மழையா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் குனிந்து இரண்டு மானிகளின் வாயையும் பார்த்தேன்.

பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் இருக்கிற விஷயம் இது. வாயின் பரப்பு இரண்டு மடங்கான மானி இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடிக்கும். அதற்கு அதற்கென்று செய்த குடுவையால்தான் அளக்க வேண்டும். சின்ன வாய் மானியின் குடுவையால் அளந்தால் பெய்ததைப்போல இரண்டு மடங்கு காட்டும். பரீட்சையில் இதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். ஓடிப்போய் அலமாரியிலிருந்து அலமேலுவின் நோட்டை எடுத்தேன். பேனாவில் முப்பத்திரண்டு, பென்சிலில் பதினாறு. நாற்பத்தாறு, இருபத்து மூன்று. பதினெட்டு, ஒன்பது. சின்ன மழைகளில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது. மற்றபடி பக்கம் பக்கமாகச் சரிபாதி.

அன்று முழுவதும் நான் என்னோடு நடத்திய வாதத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்களும் நடத்துவீர்கள். அந்த ஊரின் எண்களை நான்தான் பயன்படுத்தவே இல்லையே, அப்புறம் கட்டுரையில் என்ன தப்பு? சராசரி போடுவது எல்லோரும் செய்வதுதானே? கருத்தரங்கு முடிந்த மாதமே எங்கள் துறையில் தற்காலிக விரிவுரையாளர் வேலைக்கு நேர்முகம். கையில் ஒரு கட்டுரை இருந்தால்தான் ஆச்சு. கட்டுரையை வாசித்துவிட்டு அப்புறம் மெதுவாகத் திருத்திக்கொள்ளலாமே? நன்றாகப் படித்தவர்களுக்கு இதில் ஒரு தொல்லை உண்டு. தப்பைக் கண்டுபிடித்த அதே மூளை, அடுத்த நிமிடமே அதற்கு வக்கீலாகவும் வேலைக்குச் சேர்ந்துவிடும். எல்லா வாதத்திலும் ஜெயித்துக்கொண்டே வந்தேன். "நம்பத்தகாத பதிவுகள்" என்ற இரண்டு வார்த்தையிடம் மட்டும் ஜெயிக்க முடியவில்லை.

சாயங்காலம் சாரிடம் போனேன். அவர் மேஜையில் செய்தித்தாளை விரித்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் அழுகை வந்துவிட்டது. அவர் உரிப்பதை நிறுத்தவில்லை.

"புத்தகம் அச்சாயிடுச்சா?"

"இல்ல சார்."

"அப்போ பொழச்சோம். எடுத்துடலாம்." கொஞ்சம் கடலையை என் பக்கம் தள்ளினார். "இத யார் யார்கிட்டச் சொன்ன?"

"உங்ககிட்டத்தான் சார் முதல்ல சொல்றேன்."

"அங்கதான் தப்பு. முதல்ல கேட்க வேண்டிய ஆளு மலைமேல இருக்கு. நான் ரெண்டாவது." பிறகு, "மூணாவது ஊர் என்னாச்சுன்னு கேட்டப்போ நானும் உன் பதிலோட விட்டுட்டேன். அந்த நோட்ட ஒரு தரம் பார்த்திருக்கணும். நானும் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு" என்றார்.

உங்களில் பலர் வழிகாட்டி தேடும்போது எத்தனை கட்டுரை, எவ்வளவு நிதி என்று விசாரிக்கிறீர்கள். அதையும் விசாரியுங்கள். கூடவே, அவரிடம் படித்தவர்களிடம் ஒன்று கேளுங்கள்: "தப்புப் பண்ணிட்டுப் போய் நின்னா அவர் முதல்ல என்ன கேப்பார்?" அவருடைய எல்லாப் புத்தகத்தையும்விட அந்தப் பதில் உங்களுக்கு உதவும்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மலை ஏறினேன். அலமேலு வீட்டுக்குப் பின்னால் மரவள்ளிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்தாள், ஆனால் வாங்க என்று சொல்லவில்லை. நான் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். குடுவை என் தப்பு, மானி என் தப்பு, உன் பென்சில் எண்தான் சரி.

அவள் முகத்தில் கோபத்துக்கு முன்னால் வேறொன்று வந்தது. "அப்ப பென்சிலுதான் சரியா? எனக்குத் தெரியும்! டப்பாவுல ஒரு நாளு பத்து மில்லிமீட்டரு நின்னிச்சி, உங்க கிளாசு இருபதுன்னு காட்டுச்சி. டப்பா எப்டி டீச்சர் தப்புக் காட்டும்? ஓட்ட இருந்தா கம்மியாக் காட்டலாம். அதுவும் பாத்துட்டேன், ஓட்ட இல்ல."

உள்ளே போய் எடுத்து வந்தாள். சதுரமான பிஸ்கட் டின், மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம். தம்பியின் பள்ளிக்கூட மர ஸ்கேல். ஸ்கேலில் சைபருக்கு முன்னால் கொஞ்சம் வெற்றுக் கட்டை இருக்குமே, அதை அரிவாளால் சீவி எடுத்திருந்தாள். டின்னின் அடியில் வைத்தால் சைபர் சரியாகத் தரையில் நிற்கும். யாரும் சொல்லித் தரவில்லை. கொடுத்த கருவியைச் சந்தேகப்பட்டு, வேறு கருவி செய்து, அதன் பிழையையும் நீக்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள். அதைத்தான் நான் பொய்க்கணக்கு என்று சொன்னேன்.

"நான் மானிய எடுத்துக்கினு போனப்புறம் எழுதல இல்ல?" என்று கேட்டேன்.

"ஏன் எழுதாம? நீங்கதான போனீங்க, மழ போவலியே." இன்னொரு நோட்டை நீட்டினாள். ஆவணியிலிருந்து முந்தின நாள் வரை ஒரு நாள் விடாமல் இருந்தது.

நான் மன்னிப்புக் கேட்டேன். சார் கேட்டதையும் சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"டீச்சர், அன்னிக்குக் குழாயாண்ட பத்துப் பேரு முன்னால சொன்னீங்க. ரெண்டு மாசமா எங்க அத்த, 'இன்னாடி பொய்க்கணக்கு எழுதனியாமே'ன்னுதான் கேக்கறாங்க. இங்க களைக்காட்டுல சொன்னா இன்னா ஆவும்?"

குழாயடிக்குப் போனோம். அவளே பத்துப் பேரைச் சேர்த்தாள். நான் பேசிய எத்தனையோ சபைகளில் அதுதான் கஷ்டமான சபை. குடுவை, மானியின் வாய் என்று என்னென்னவோ விளக்கினேன். ஒரு பெரியவர் குறுக்கிட்டார். "இரும்மா. அப்ப எங்க ஊருல பேஞ்சது நீ சொன்னதுல பாதிதானா?"

"ஆமாங்க."

"மீதி பாதிய யாரு எடுத்தது?"

குழாயடியே சிரித்தது. எனக்கும் அழுகையும் சிரிப்புமாக வந்தது. அலமேலுவின் மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. மருமகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம், "வெயிலு ஏறுது, உள்ள வந்து சாமைச் சோறு துன்னுட்டுப் போ" என்றார்.

சாப்பிட்டுக்கொண்டே எண்களைப் பார்த்தபோதுதான் உறைத்தது. பென்சில் எண்கள் சரி என்றால் மூன்று ஊர்களில் இங்கேதான் மழை கம்மி. ஆனால் மூன்று ஓடைகளில் இந்த ஊர் ஓடையில்தான் மண் ஜாஸ்தி. என் கட்டுரையின் முடிவே தலைகீழ். மற்ற ஊர்களின் சராசரியைப் போட்டதில் இது மறைந்துபோயிருந்தது. "அதெப்படி?" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"இதுல இன்னா டீச்சர்?" என்றாள் அலமேலு. "ரோட்டுக்குப் பாத வெட்டுன மண்ண அப்டியே சரிவுல தள்ளி வச்சிக்கிறாங்களே. லேசாத் தூறினாலே ஓட செவந்துடும். வாங்க காட்டறேன்." கூட்டிப்போய்க் காட்டினாள். என் ஆய்வேட்டின் நடுப்பகுதி முழுவதும் அந்தச் சரிவில்தான் கிடந்தது. ஒன்றரை வருஷம் அந்த ஊருக்குப் போய் வந்தும், ஓடை ஏன் சிவக்கிறது என்று அங்கே யாரையும் நான் கேட்டதில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். கருத்தரங்கில் எனக்கு ஒதுக்கிய பத்து நிமிடத்தில் இந்தத் தப்பைத்தான் சொன்னேன். முடிந்ததும் ஒரு மூத்த பேராசிரியர் ஓரமாகக் கூப்பிட்டு, "எங்க ஸ்டோர்லயும் அகல வாய் மானி ஒண்ணு இருக்குமா, போய்ப் பாக்கணும்" என்று கிசுகிசுத்தார். விரிவுரையாளர் வேலை எனக்குக் கிடைக்கவில்லை. கட்டுரை வைத்திருந்த இன்னொருவருக்குப் போயிற்று. வேலை கிடைக்க இரண்டு வருஷம் ஆயிற்று, அதுவரை அத்தா கடையில் டிபன் கேரியர் விற்றேன். உண்மை பேசினால் உடனே நல்லது நடக்கும் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். நிம்மதியாகத் தூங்கினேன், அவ்வளவுதான். ஆய்வாளருக்கு அதுவும் சின்ன வரவு இல்லை.

புதிய கட்டுரையை எழுதியபோது அலமேலுவின் பெயரும் ஆசிரியராக வரவேண்டும் என்றேன். சார் உடனே ஒப்புக்கொண்டார். பத்திரிகைக்காரர்கள் அலமேலு எந்த நிறுவனம் என்று எழுதிக் கேட்டார்கள். நிறுவனம் இல்லை, கல்வராயன் மலை என்று பதில் போட்டோம். மலைக்குப் போய் அவளிடம் சம்மதம் கேட்டேன்.

"எம்பேரு போட்டா இன்னா தருவாங்க?"

"ஒண்ணும் தரமாட்டாங்க."

"உங்களுக்கு?"

"எனக்கும்தான் ஒண்ணும் தரமாட்டாங்க."

"அப்ப எதுக்குப் பேரு?" என்றாள். யார் பெயர் முதலில் என்று எங்கள் துறையில் பேச்சுவார்த்தையே நின்றுபோன இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களை நினைத்துக்கொண்டேன். "போடுங்க, எனக்கு இன்னா" என்றாள்.

ஒரு வருஷம் கழித்து இதழ் அச்சாகி வந்தது. மூன்று நிபுணர்கள் படித்துச் சரிபார்த்தது. அச்சுக்கு முன் நானும் சாரும் எழுத்தெழுத்தாகப் பார்த்தது. ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். ஆங்கிலம் அவளுக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். தன் பெயரைக் கண்டுபிடித்து விரலால் தடவினாள். மாமியாரிடம் காட்டினாள். பக்கங்களைப் புரட்டி, அட்டவணைக்கு வந்து நின்றாள். எண்களைப் படிக்க ஆங்கிலம் வேண்டியதில்லை. வரிசையாக விரலை ஓட்டிக்கொண்டே போனவள் ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"டீச்சர், இது நாப்பத்தொண்ணு இல்ல. பதினாலு."

"இருக்காது அலமேலு, நாங்க எல்லாரும் பார்த்தோம்."

சொல்லி முடிக்கும்போதே எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. அவள் உள்ளே போய் நோட்டைக் கொண்டுவந்தாள். பதினாலு. நோட்டிலிருந்து எடுத்தெழுதியபோதே எண் திரும்பிவிட்டிருந்தது, ஐந்து பேர் கண்ணிலும் படவில்லை.

"பரவால்ல, ஒரு நம்பருதான்" என்று சமாளித்தேன். "முடிவு மாறாது."

"அதெப்டி பரவால்ல?" அவள் நிஜமாகவே கோபப்பட்டாள். அந்தக் குழாயடியில் கூட இவ்வளவு கோபப்படவில்லை. "எம்பேரு மேல போட்டுக்கிது, கீழ தப்பு நம்பரு இருக்குது. நாளைக்கு யாருனா பாத்தா உங்களயா கேப்பாங்க? அலமேலு தப்பா எழுதிட்டான்னுதான் சொல்லுவாங்க. பேப்பரு பேனா எடுங்க."

அவள் வீட்டிலேயே உட்கார்ந்து பத்திரிகைக்குத் திருத்தக் கடிதம் எழுதினேன். ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டாள். முடித்து நான் கையெழுத்துப் போட்டதும் பேனாவை வாங்கி, எனக்குக் கீழே இடம் இருந்தும், எனக்கு மேலே தன் பெயரை எழுதினாள்.